எட்டு

கிழக்குக் கிரீன்லாந்தில் எங்கள் ஊருக்கு வழி மூன்று.
கோடையில் இரண்டு கப்பல்.
காற்று விட்டால் ஹெலிகாப்டர்.
மற்றபடி குன்றின் மேல்
அடிவானத்தை நோக்கிக் கழுத்தைச் சாய்த்து நிற்கும்
ஒரு வெள்ளைத் தட்டு.

தட்டு என் பொறுப்பு.
பனி வழிப்பேன். கம்பி பார்ப்பேன்.
சம்பளம் குரோனரில், திட்டு இலவசம்.

பிப்ரவரி. இரண்டரை மணிக்கு
மருத்துவ நிலையத்திலிருந்து பிப்பலுக் கூப்பிட்டாள்.
நவாரனாவுக்கு முப்பத்தாறாவது வாரம்.
உள்ளே குழந்தையின் இதயம்
நின்று நின்று ஓடுகிறதாம்.
நூக்கில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னால்தான்
ஹெலிகாப்டர் கிளம்பும்.
மூன்றரைக்குள் கிளம்பாவிட்டால்
பனிமேட்டிலிருந்து பிட்டராக் இறங்கிவிடும்;
அந்தக் காற்றில் கூரைகள் மட்டுமே பறக்கும்.

"முந்நூறு மெகா இருக்கிறது. எவ்வளவு நேரமாகும்?"

நம் லைன் நொடிக்கு இரண்டு மெகா.
முந்நூறில் பாதி நூற்றைம்பது.
"இரண்டரை நிமிஷம்" என்றேன்.
யோசிக்காமல் சொன்னேன்;
அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டரை நிமிஷம் என்று அவள் டாக்டரிடம் சொன்னாள்.
டாக்டர் விமானியிடம் சொன்னார்.
விமானி கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.
நவாரனா கூரையைப் பார்த்தபடி
ஒன்று, இரண்டு என்று எண்ணினாளாம்,
நூற்றைம்பது வரைக்கும்.
பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

ஐந்தாவது நிமிஷம்
திரையில் கால்வாசி நீலம்.
முக்கால்வாசி சாம்பல்.

தட்டில் பனியா என்று ஓடினேன். இல்லை.
கம்பியை முகர்ந்துகூடப் பார்த்தேன்.
கடைசியில் ஒப்பந்தத் தாளை எடுத்தேன்.
இரண்டு மெகாவுக்குப் பின்னால்
எறும்பு போல ஒரு சின்ன எழுத்து.

சின்ன எழுத்துக்கு ஒரு வயிறு: அது பிட்.
பெரிய எழுத்துக்கு இரண்டு வயிறு: அது பைட்.
லைன் விற்கிறவன் பிட்டில் விற்கிறான்.
கோப்பு பைட்டில் கனக்கிறது.
எட்டைப் பிட்டுப் பிட்டுப் போட்டால்தான்
ஒன்று உள்ளே போகும்.

இரண்டரையை எட்டால் பெருக்கினேன்.
இருபது நிமிஷம்.
எட்டும் என்றிருந்தேன்,
எட்டினால் எட்டாமல் போனது.

போனில் பிப்பலுக்கிடம் சொன்னேன்.
அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
"மூன்று நிமிஷப் படத்தில் எதை வெட்டலாம்?" என்று
டாக்டரிடம் கேட்டாள்.
"இதயம் தடுக்குகிற இடம் மட்டும் போதும்,
நாலு துடிப்பு" என்றார் அவர்.

நாலு துடிப்பு ஆறு மெகா.
இந்த முறை விரலை மடக்கி எண்ணினேன்.
ஆறு எட்டு நாற்பத்தெட்டு.
இரண்டால் வகு, இருபத்து நாலு விநாடி.
சொல்வதற்கு முன்
எழுத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

இருபத்தாறு ஆயிற்று. இரண்டு விநாடிக்கு
என்னிடம் விளக்கம் இல்லை.

மூன்று பத்துக்கு விசிறி சுற்றியது.
மூன்றே முக்காலுக்குக் கூரைத் தகடுகள் அலறத் தொடங்கின.
அதற்குப் பிறகு இரவு முழுக்கத்
தட்டின் காலைக் கட்டிப் பிடித்தது போலத்தான் இருந்தேன்,
உண்மையில் கட்டியது கயிறு.

விடியற்காலை ஒரு செய்தி வந்தது.
எங்கள் மொழியில் ஒரு வாக்கியத்தை
ஒரே சொல்லில் அடைத்துவிடலாம்; சொல் நீளும்.
முப்பத்தொரு எழுத்து.
பிறந்த-பெண்-விடாமல்-அழுகிறாள் என்று
ஏறக்குறைய பொருள்.
எடை எழுதவில்லை.
கிலோவா, பழைய டேனிஷ் பவுண்டா என்று
ஊர் முழுக்கப் பிறகு சண்டை.

எழுத்துக்கு ஒரு பைட்.
முப்பத்தொன்று எட்டு
இருநூற்று நாற்பத்தெட்டு பிட்.
ஒவ்வொன்றும் ஒரு ஆம் அல்லது இல்லை.
காற்று அடித்துக்கொண்டே இருந்தது,
ஒன்றுகூட உதிரவில்லை.

மாதக் கடைசியில் பில் வந்தது.
அறுந்துபோன அந்தக் கால்வாசிக்கும் சேர்த்து,
கிலோபைட் கணக்கில்.